சிங்க முத்திரை பொய் சொல்லும்

பழைய கைத்துப்பாக்கி ஒன்று கண்ணில் பட்டால் நம் பக்கத்தில் எல்லோரும் முதலில் ஒரே இடத்தைத்தான் பார்க்கிறார்கள். குதிரைக்குக் கீழே பக்கவாட்டில் இருக்கும் இரும்புத் தகட்டில் கிரீடம் இருக்கிறதா, சிங்கம் இருக்கிறதா, ‘டவர்’ என்று ஆங்கில எழுத்து இருக்கிறதா? இருந்தால் அது அசல். அசல் என்றால் லட்சம், அதிர்ஷ்டம் இருந்தால் கோடி. எதுவும் இல்லையென்றால் காயலான் கடை. இந்தக் கணக்கைச் சொல்பவர்கள் புரோக்கர்கள் மட்டும் அல்ல. கல்லூரி ஆசிரியர் ஒருவரே என்னிடம் இதைச் சொல்லியிருக்கிறார். கம்பெனி முத்திரை இருந்தால் பேச்சுக்கே இடமில்லை என்று முடித்தார்.

பேச்சுக்கு நிறையவே இடம் இருக்கிறது. பழந்துப்பாக்கியில் எல்லாவற்றையும்விடச் சுலபமாகப் பொய் சொல்ல வைக்கக் கூடியது முத்திரைதான். உளி ஒன்றும் சுத்தியல் ஒன்றும் இருந்தால் போதும். மரம், துரு, திருகாணி, தேய்மானம் இவற்றைப் பொய் சொல்ல வைக்கத்தான் காலம் வேண்டும், திறமை வேண்டும், பொறுமை வேண்டும். ஆனால் இவற்றை யாரும் பார்ப்பதில்லை. பார்க்காததோடு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அழித்தும் விடுகிறோம்.

மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு வீட்டில் இப்படி ஒன்றைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு போகும் மாதம். தெருவெல்லாம் தோகை கிடந்தது. வீட்டுப் பேரன் டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய வேட்டித் துணியில் சுற்றிய பொருளை எடுத்து வந்தான். குழல் ஒன்பது அங்குலம் இருக்கும். பித்தளை வேலையெல்லாம் புளி போட்டுத் துலக்கி, குத்துவிளக்கு மாதிரி பளபளத்தது. தகட்டில் பின்னங்காலில் எழுந்து நிற்கும் சிங்கம், அதன் கீழே 1796. ஒரு புரோக்கர் போனில் நாற்பது லட்சம் என்று சொல்லியிருந்தாராம். “அசல் தானே சார்?” என்றான் பையன்.

முதலில் ஒரு மூங்கில் சிம்பைக் குழலுக்குள் விட்டு ஆழம் பார்த்தேன். பிறகு அதே சிம்பைக் குழலின் வெளிப்பக்கம் வைத்து அளந்தேன். பழைய துப்பாக்கிகளில் நூறு வருஷத்துக்கு முன்னால் கிட்டித்த மருந்து அப்படியே உள்ளே இருப்பது உண்டு. மதிப்புப் பார்ப்பதற்கு முன் உயிரைப் பார்க்க வேண்டும். இது காலியாக இருந்தது.

அடுத்து ஒரு பூதக்கண்ணாடி. தகட்டில் பொடிப் பொடியாகத் துருக் குழிகள், உப்புத்தாளுக்கும் அழியாமல் கருப்புப் புள்ளிகளாக நின்றன. சிங்கத்தின் பிடரிக் கோடு ஒன்று அந்தக் குழிகளில் இரண்டின் நடுவே வெட்டிக்கொண்டு போகிறது. கோட்டின் அடி வெள்ளையாக மின்னுகிறது. இதற்கு மேல் சாட்சி வேண்டுமா? முத்திரை முதலில் அடித்து, துரு பிறகு வந்திருந்தால், துரு முத்திரைக்குள்ளும் இறங்கியிருக்கும். இங்கே துரு பழையது, சிங்கம் புதியது.

ஆண்டும் காட்டிக்கொடுக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆயுதங்களில் நெடுங்காலம் அடித்தது சிங்கம் அல்ல. இதய வடிவம் ஒன்று, அதை நாலாக வகுத்து ஒவ்வொரு கட்டத்திலும் கம்பெனிப் பெயரின் ஓரெழுத்து, தலைமேல் நாலு என்ற எண்ணைப் போல ஒரு குறி. துணி மூட்டைகளில் அடித்த அதே அடையாளம்தான். கிரீடம் ஏந்திய சிங்கம் 1808 வாக்கில்தான் வந்தது. 1796ஆம் ஆண்டுத் துப்பாக்கியில் சிங்கம் நிற்பது, மண்டகப்படிக்கு முன்பே தேர் நிலைக்கு வந்த கதை.

பையனிடம் கேட்டேன். புரோக்கர் ‘பெரிய இடத்தில் காட்டிவிட்டு வருகிறேன்’ என்று இரண்டு நாள் எடுத்துப் போனாராம். அதற்கு முன் சிங்கம் இருந்ததா? யோசித்தான். “கவனிக்கல சார்.”

கதை இத்தோடு முடிந்திருந்தால், ‘ஆக, போலி’ என்று சொல்லிவிட்டு நான் பஸ் ஏறியிருக்கலாம். முத்திரையை நம்புகிறவர்களின் அடுத்த தவறு இதுதான். முத்திரை பொய் என்று தெரிந்ததும் பொருளே பொய் என்று தூக்கி எறிகிறார்கள். அந்தத் துப்பாக்கி பொய் இல்லை. அதன் குதிரைக்குச் சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்வும் தாடை கிடையாது, தட்டினால் வெடிக்கும் கேப்பின் மேல் விழும் மொட்டை மூக்குதான். ஆனால் தகட்டில், ஒரு காலத்தில் சிக்கிமுக்கி இரும்பும் மருந்துக் கிண்ணமும் உட்கார்ந்திருந்த துளைகள் அடைத்துக் கிடந்தன. கல்லில் பொறி பறக்கவிட்டு வெடித்த துப்பாக்கியைப் பிற்காலத்தில் யாரோ கேப்பு போட்டு வெடிக்கும்படி மாற்றியிருக்கிறார்கள். குழலின் வலப்பக்கம் மரம் கருகியிருந்தது. அது பொறி விழுந்த காலத்துக் கருகல். பிடிக்குக் கீழே கால் விரல் நீளத்துக்கு வேறு மரம் வைத்து ஒட்டுப் போட்டிருந்தது, நம் ஊர் ஆசாரி கை. ஒரு திருகாணி மட்டும் ஸ்டார் ஸ்க்ரூ. அந்த வகை 1930களில்தான் சந்தைக்கு வந்தது. மற்ற ஆணிகளின் மறை கையால் வெட்டியது, ஒன்றுக்கொன்று பொருந்தாதது. 1841இல் ஆங்கிலப் பொறியாளர் விட்வொர்த் திருகு மறைக்கு ஒரே அளவு வகுக்கும் வரை ஒவ்வொரு பட்டறைக்கும் ஒவ்வொரு மறைதான்.

இத்தனையும் முத்திரை சொன்னதல்ல. ஆசாரிக்கும் கொல்லருக்கும் தெரிந்த சங்கதி. மரம் சுருங்கும், இரும்பு சுருங்காது. தேய்க்காத பழைய துப்பாக்கியில் மரத்தின் விளிம்பு இரும்பைவிட ஒரு மயிரிழை உயர்ந்து நிற்கும், ஏனென்றால் செய்தவன் அப்படித்தான் விட்டான். விளிம்பு இரும்புக்குக் கீழே தாழ்ந்திருந்தால் யாரோ மரத்தைச் சீவித் தேய்த்திருக்கிறார்கள். அச்சில் வார்த்த போலிகளில் மூலை முடுக்கில் குமிழிக் குழிகள் இருக்கும். அடித்துச் செய்ததில் அரத்தின் கீறல் இருக்கும். தொட்டுப் பார்த்தே சொல்லக் கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனிடம் போகிறோம்.

முத்திரையே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முத்திரை ஒரு சாட்சி. குறுக்கு விசாரணையைத் தாங்கினால் நல்ல சாட்சி. பிரிட்டிஷ் படைக்கு ‘டவர்’ என்று அடித்த தகடுகளில் 1764க்குப் பிறகு செய்தவர் பெயரும் ஆண்டும் நின்றுபோயின. அடுத்த நூற்றாண்டின் நடுவில்தான் ஆண்டு மறுபடி வந்தது. ஆகவே டவரும் 1780உம் ஒரே தகட்டில் கைகோத்து நின்றால் சந்தேகம் வர வேண்டும். பர்மிங்காமில் குழல்களைச் சோதித்து முத்திரையிடும் சாலை 1813இல்தான் சட்டப்படி அமைந்தது. அந்தச் சாலையின் குறுக்குச் செங்கோல் முத்திரையோடு ‘1790’ என்று ஒரு துப்பாக்கி வந்தால் இரண்டில் ஒன்று பொய். சட்டை மாற்றிக்கொண்டு வந்த சாட்சி இப்படித்தான் மாட்டும். கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறைகளில் நூறாண்டுக்கு மேலாக ஆங்கிலத் துப்பாக்கிகளை நகல் எடுக்கிறார்கள். எழுத்துத் தெரியாமல் எழுத்து வெட்டியதால் ஆங்கில ‘என்’ கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பி நிற்கும். அவ்வளவு கவனமில்லாத முத்திரைகளையும் நம் ஆட்கள் விரலால் தடவி மகிழ்கிறார்கள்.

முத்திரைக்கு வாங்குபவன் இருப்பதால்தான் முத்திரை அடிக்கிறவன் இருக்கிறான். கோபுரக் கலசத்தில் இரிடியம், அரிசியை இழுக்கும் செம்பு என்று நம் மாவட்டங்களில் எத்தனை குடும்பம் நகையை அடகு வைத்து ஏமாந்தது! அதே கூட்டம், அதே ‘பெரிய இடம்’. பொருள்தான் வேறு.

அசல் என்ற சொல்லைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கடன் வாங்கினவனுக்கு அசல் என்றால் வட்டி சேராத முதல். ஊர்க்காரனுக்கு அசலூர் என்றால் நம் ஊர் அல்லாத ஊர். துப்பாக்கி விஷயத்தில் இரண்டும் சேர்ந்துவிட்டது. பட்டறையை விட்டு வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே, மேலே ஒன்றும் சேராமல், அதுவும் அசலூரில் செய்ததாக இருந்தால்தான் அசல். இங்கே வந்த பிறகு நடந்ததெல்லாம் கெடுதல்.

சேகரிப்பாளர் சந்தையும் இப்படித்தான் நினைக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். கல்லிலிருந்து கேப்புக்கு மாற்றிய துப்பாக்கிக்கு விலை குறைவு. அதனால் என்ன நடக்கிறது தெரியுமா? வியாபாரிகள் மாற்றியதைத் திரும்பக் கல்லுக்கே மாற்றி, புதிதாகத் தாடை வைத்து, பழைய நிறம் ஏற்றி, ‘மாற்றாத அசல்’ என்று விற்கிறார்கள். அசலை மட்டுமே கேட்ட சந்தைக்கு அசல் போலவே செய்து கொடுக்கிறார்கள். மாற்றியதுதானே உண்மையில் நடந்தது? ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் தட்டினால் வெடிக்கும் மருந்துக்கு 1807இல் காப்புரிமை வாங்கினார். 1820களில் செப்புக் கேப்பு பரவியது. 1840 வாக்கில் பிரிட்டிஷ் படையே மாறிக்கொண்டிருந்தது. ஒரு துப்பாக்கி அந்த மாற்றத்தைத் தன் உடம்பில் தழும்பாக வைத்திருக்கிறது என்றால், அது ஊனமா? மாறாமல் இருந்தவற்றில் பல இன்று இல்லவே இல்லை. பயன்பட்டதால் பிழைத்தது இது.

கடலூர்க்காரர்களுக்குக் கதைப் பஞ்சம் என்றும் இருந்ததில்லை. புனித டேவிட் கோட்டை தேவனாம்பட்டினத்தில் இருப்பதால் கிடைக்கும் இரும்பெல்லாம் ராபர்ட் கிளைவுடையது. கிளைவ் இளம் எழுத்தராக இருந்தபோது தற்கொலை செய்யப் பார்த்து, கைத்துப்பாக்கி இருமுறை வெடிக்கவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் சொல்லிவரும் கதை சென்னையில் நடந்ததாகத்தான் சொல்லப்படுகிறது. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்த பிறகே அவர் இங்கே வந்தார். அதைப் பற்றிக் கவலைப்படாமல் ‘அந்த வெடிக்காத துப்பாக்கி’ என்று சொல்லி ஒன்றை எனக்குக் காட்டினார்கள். வெடிக்காத துப்பாக்கிக்கு நம் மாவட்டத்தில் தட்டுப்பாடா என்ன? 1783 கடலூர் முற்றுகையில் காயம்பட்டுச் சிறைப்பட்ட பிரெஞ்சு சார்ஜண்ட் ஒருவர்தான் பின்னால் ஸ்வீடனுக்கே மன்னரான பெர்னடாட் என்று ஒரு கதை. ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. நாளை அவர் துப்பாக்கியும் கிடைக்கும், பாருங்கள்.

கதை பொய்யென்பதால் ஊர் வெறும் ஊராகிவிடாது. 1690இல் ஆங்கிலேயர் மராட்டியரிடம் இந்தக் கோட்டையை வாங்கியபோது பேரத்தின் எல்லை என்ன தெரியுமா? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு விழும் தூரம். குண்டு விழுந்த வரைக்கும் கம்பெனி ஊர். குண்டு உப்பளவாடி என்ற பெயரில் அந்தக் குண்டு இன்றும் இருக்கிறது. அந்தப் பீரங்கியை ஒருவரும் தேடவில்லை, அதன் முத்திரை என்ன என்று யாரும் கேட்கவில்லை. பெயரே ஆதாரமாக நிற்கிறது.

புதுச்சேரி பக்கத்தில் இருப்பதை மறந்துவிட்டு எல்லாவற்றையும் ஆங்கிலத் துப்பாக்கியாகவே பார்ப்பதும் இந்த முத்திரை மோகத்தின் விளைவு. பிரெஞ்சுக்காரரின் 1777 மாதிரிக் கைத்துப்பாக்கிக்கு முன்பக்கம் மரமே இருக்காது, பித்தளைக் கூட்டிலிருந்து குழல் நேராக நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்தால் ‘மரம் போய்விட்டது, உடைந்தது’ என்று பழைய பித்தளை விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். பரங்கிப்பேட்டையில் டச்சுக்காரரும் டேனிஷ்காரரும் வியாபாரம் செய்தார்கள். 1781இல் அங்கேதான் மைசூர் ஹைதர் அலியும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் மோதினார்கள். 1830களில் ஹீத் என்பவர் அங்கேயே இரும்பு உருக்கினார். இவ்வளவு கையும் இரும்பும் கலந்த கரையில் சிங்கத்தை மட்டும் தேடுவது என்ன நியாயம்?

எதிர்க்கட்சிக்காரர்களின் கடைசி ஆயுதம் திப்பு சுல்தான். லண்டனில் 2015இல் திப்புவின் ஆயுதங்கள் 60 லட்சம் பவுண்டுக்கு மேல் போகவில்லையா? போயின. அந்த ஏலத்தை நன்றாகப் பார்த்தால் என் கட்சிதான் பலக்கிறது. அவை ராபின் விகிங்டன் என்ற ஒருவர் பல்லாண்டு சேர்த்து, ஆராய்ந்து, புத்தகம் எழுதிப் பதிவு செய்த தொகுப்பு. திப்புவின் துப்பாக்கிகளில் புலிக்கோடுகள் உண்டு, ஹைதரின் பெயரைக் கட்டங்களில் வைத்த குறி உண்டு, அவரே கொண்டுவந்த மௌலூதி ஆண்டு உண்டு. அந்த ஆண்டுக் கணக்கில் எண்களை வலமிருந்து இடமாக எழுத வைத்தார் திப்பு. அவருடைய காசுகளைப் பார்த்தாலே தெரியும். போலி செய்பவன் இடமிருந்து வலமாக வெட்டிவிட்டு மாட்டிக்கொள்வான். 2019இல் இங்கிலாந்தில் பெர்க்‌ஷயரில் ஒரு வீட்டிலிருந்து வந்த திப்புவின் வெள்ளிப்பூண் துப்பாக்கி 60 ஆயிரம் பவுண்டுக்குப் போனது. அதைக் கொண்டுபோனவர் மேஜர் தாமஸ் ஹார்ட், கம்பெனி அதிகாரி. அவர் குடும்பத்திலேயே இருந்தது. 1799 மே 4 ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததிலிருந்து இன்றுவரை கை மாறிய கணக்கு அறுபடாமல் இருக்கிறது. கொள்ளையடித்தவன் வீட்டில் ஒழுங்காகக் கணக்கு வைத்திருந்தான், பறிகொடுத்த நாம் வைக்கவில்லை என்பது வயிற்றெரிச்சல்தான். ஆனாலும் விலை போனது இரும்புக்கு இல்லை, அந்தக் கணக்குக்கு.

பழையது என்பதாலேயே அரியது என்ற எண்ணமும் நிற்காது. 2003இல் நேபாள அரசின் பழைய ஆயுதக் கிடங்கிலிருந்து பல்லாயிரம் துப்பாக்கிகளை அமெரிக்க வியாபாரிகள் மொத்தமாக வாங்கிக் கப்பலேற்றினார்கள். கம்பெனிக் காலத்து மாதிரிகளும் அதில் நிறைய. அந்தச் சந்தைக்கு உங்கள் டிரங்குப் பெட்டித் துப்பாக்கி ஒன்றும் பஞ்சத்தில் வந்த மழை இல்லை.

அந்தச் சந்தைக்கு இதை நீங்கள் அனுப்பவும் முடியாது. நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டிருக்கிறது. புரோக்கர் சொல்லும் லண்டன் விலை ஒன்று பொய், அல்லது ஜெயில். நிலத்தைத் தோண்டும்போது கிடைத்திருந்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள எதையும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டிலேயே இருந்தது என்றால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வருகிறது. பழுது பார்த்தாலும் சுட முடியாத பழைய ஆயுதத்துக்குத்தான் அதன் 45ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. பழுது பார்த்தால் சுடும் என்றால் கதை வேறு. 2020இல் வந்த அறிவிப்பு, க்யூரியோ என்ற வகையில் சேரும் சிறு ஆயுதத்தை வைத்திருக்க உரிமம் வேண்டாம் என்கிறது. எடுத்துச் செல்லவும் பயன்படுத்தவும் வேண்டும் என்றும் அதே அறிவிப்பு சொல்கிறது. ‘பெரிய இடத்தில் காட்டிவிட்டு வருகிறேன்’ என்று பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறவர் எந்தக் கணக்கில் வருகிறார்? உங்கள் பொருள் எந்த வகை என்று கலெக்டர் அலுவலகத்தில் எழுதிக் கேட்பதே நல்லது. தொல்பொருளா என்று பார்க்க அருங்காட்சியகத்தார் இருக்கிறார்கள். எழும்பூரில் தஞ்சை அரண்மனை ஆயுதங்களைப் பார்த்திராதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். எதுவும் குத்துவிளக்கு மாதிரி பளபளக்காது.

மேல்பட்டாம்பாக்கத்துக்குத் திரும்புகிறேன். நான் பேசிக்கொண்டிருந்தபோது திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆயா அதுவரை வாய் திறக்கவில்லை. சிங்கம் பொய் என்று கேட்டதும் சிரித்தார்.

“சிங்கமும் இல்ல புலியும் இல்ல. எங்க மாமனாரு இத வெச்சிகினு கொல்லியில பன்னி வெரட்டுவாரு. குண்டெல்லாம் போடமாட்டாரு, மருந்து மட்டும் கிட்டிச்சி வெடிப்பாரு. கட்ட ஒடஞ்சி போச்சின்னு ஆசாரிகிட்ட குடுத்து ஒட்டினு வந்தாரு.”

“அவருக்கு யார் குடுத்ததும்மா?”

“அவுங்க அப்பாரு. பண்ருட்டி சந்தையில வாங்கினதா சொல்லுவாங்க.”

ஒட்டுப் போட்ட மரத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. மணிலாக் கொல்லையில் காட்டுப்பன்றியை வெறும் சத்தத்தால் விரட்டிய, சந்தையில் வாங்கிய, குதிரைப்படைக்காரன் சேணத்திலிருந்து சம்சாரி கைக்கு இறங்கிய கைத்துப்பாக்கி! நாற்பது லட்சத்துச் சிங்கத்தைவிட எனக்கு இதுதான் பெரியது. 1801இல் பாளையக்காரர் போர் முடிந்ததும் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் தென்னாட்டில் ஆயுதம் ஏந்தக்கூடாதென்று பிரகடனம் போட்டார், 1878இல் வைஸ்ராய் லிட்டன் நாடு முழுதுக்கும் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார். அவ்வளவுக்குப் பிறகும் ஒரு சாதாரணக் குடும்பத்தில் இது எப்படித் தங்கியது, என்ன வேலைக்குத் தங்கியது என்று எந்த ஆவணக் காப்பகமும் சொல்லாது. ஆயா சொன்னார். அந்தப் பையன் இதுவரை அவரிடம் கேட்டதே இல்லை.

உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது இருந்தால் உப்புத்தாளை எடுக்காதீர்கள், புளியைக் குழம்புக்கு வையுங்கள். புரோக்கருக்குப் போன் போடுவதற்கு முன் வீட்டில் மூத்தவர் யாரோ அவரிடம் கேளுங்கள். யாரிடமிருந்து வந்தது, எதற்கு வைத்திருந்தார்கள், யார் பழுது பார்த்தார்கள் என்று அவர் சொல்வதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி, தேதி போட்டு, நாலு பக்கமும் போட்டோ எடுத்து, கூடவே வையுங்கள். அந்தத் தாள் இல்லாமல் நாளை யாரும் எதையும் நிரூபிக்க முடியாது.

கிளம்பும்போது பையன் கேட்டான். “அந்தச் சிங்கத்த தேய்ச்சி எடுத்துடலாமா சார்?” வேண்டாம் தம்பி, அதுவும் அதற்கு நடந்ததுதான். எந்த மாதம், யார் எடுத்துப்போய் அடித்தது என்று அதையும் கீழே எழுதி வை என்றேன்.